சிறுகுப்பி விருது

வைத்திலிங்கத்தின் ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையில் பதிவுத் தபால் என்று ஒன்று வந்ததே இல்லை. முதன்முதலாக வந்தது, அவர் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்திராத ஒரு பொருளை மிகச் சிறப்பாகக் குடித்து வருவதற்காக அவரைப் பாராட்டியது.

கண்ணாடியை வேனில் வைத்துவிட்டு வந்திருந்ததால், மனைவி தங்கம்மாள்தான் கடிதத்தைப் படித்தாள்.

“தாங்கள் கடந்த பன்னிரண்டு மாதங்களாக, மாதம் ஒரே ஒரு சிறுகுப்பி ஒயினை மட்டும் வாங்கி, அளவோடும் அமைதியோடும் அருந்தி, காலிக் குப்பியை மறுநாளே கடையில் ஒப்படைத்து, மாவட்டத்துக்கே முன்மாதிரியாக விளங்குவது வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே இவ்வாண்டின் ‘சிறந்த பொறுப்பு அருந்துநர்’ விருதுக்குத் தாங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். விழாவுக்குக் குடும்பத்துடன் வருக. வரும்போது அருந்திவிட்டு வருதல் கூடாது.”

கீழே, மாநிலப் பொறுப்பு அருந்துதல் மேம்பாட்டு வாரியம், கடலூர் மண்டலம் என்று முத்திரை குத்தி, இணை இயக்குநர் செந்தமிழ்செல்வன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அருந்துநர்னா என்னாங்க?”

“குடிக்கறவன்.”

தங்கம்மாள் கடிதத்தை மடித்தாள். “முப்பது வருஷமா ஒரே வூட்ல இருக்கோம். எனக்குத் தெரியாம எங்க வச்சு குடிச்சீங்க?”

“அடியே, அது முனீஸ்வரனுக்கு வாங்கனது.”

“அத அவுங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. வேன் சாவிய புடுங்கிடப் போறாங்க.”

அதுதான் விஷயம். வைத்திலிங்கம் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் வேன் ஓட்டுநர். ஆலப்பாக்கத்தில் தொடங்கி முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். பள்ளித் தாளாளர் தேவசகாயம் தங்கமான மனிதர். ஆனால் குடி என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். தினமும் காலையில் ஓட்டுநர்கள் எல்லாரும் வாட்ச்மேன் அறையில் ஒரு மெஷினில் ஊத வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் சாவி. பதினான்கு வருடமாக வைத்திலிங்கம் ஊதியதில் பூஜ்யத்தைத் தவிர அந்த மெஷினுக்கு வேறு எண் தெரியும் என்பதற்கே சாட்சி இல்லை.

முனீஸ்வரன் கதையும் பதினான்கு வருடத்தியதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், புதுச்சத்திரம் தாண்டி வரும் வளைவில் பிரேக் பிடிக்காமல் போய், வேன் நிறையப் பிள்ளைகளோடு நேராகப் புளியமரத்தை நோக்கிப் போனது. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது எப்படியோ நின்றது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரன் மீசை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அவருக்கு ஒரு குவார்ட்டரும் சுருட்டும். குவார்ட்டரைத் திறந்து மரத்து வேரில் ஊற்றிவிட்டு, சுருட்டைப் பற்றவைத்துக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, காலிப் பாட்டிலைக் கையோடு எடுத்து வந்து கடையில் கொடுத்துவிடுவார். போட்டுவிட்டு வந்தால் உடைந்து யார் டயரிலாவது ஏறும் என்பது ஓட்டுநருக்குத் தெரியாதா?

குவார்ட்டர் எப்படி ஒயின் ஆனது என்பதற்கு வாரியத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மக்கள் குடிப்பது குறைய வேண்டும், விற்பனை குறையக் கூடாது என்று மேலிடம் ஒரே சுற்றறிக்கையில் இரண்டு உத்தரவு போட்டபோது, இரண்டையும் சேர்த்து நிறைவேற்றுவதற்காக உண்டாக்கப்பட்டதுதான் வாரியம். ஒன்பது பேர் கொண்ட வல்லுநர் குழு பதினெட்டு நாள் வெளிநாடு போய், அங்கே ஒயினைச் சின்னச் சின்னக் குப்பிகளில் விற்பதை நேரில் கண்டு, பெரிய குப்பியைவிடச் சிறிய குப்பியில் குறைவாகப் பிடிக்கிறது என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தது. பிறகென்ன, இருமல் மருந்து பாட்டில் அளவில், கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டிய சிறுகுப்பி ஒயின் மாவட்டம் முழுக்க வந்து இறங்கியது. வாங்குபவர் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் பொறுப்புப் புள்ளி ஏறும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும், “இது யாருக்கு, பல்லு வெளக்கவா?” என்று கேட்டுவிட்டு வழக்கமானதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

விற்காத கடை மேற்பார்வையாளருக்கு விளக்கம் கேட்டு மெமோ. வைத்திலிங்கம் வழக்கமாக வாங்கும் கடையில் இருந்த ராஜ்கமல் என்கிற பையனுக்கு இரண்டு மெமோ வந்திருந்தது. மூன்றாவது வந்தால் ராமநாதபுரம் மாற்றல் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க ஓர் அமாவாசை அன்று அவன் கவுன்ட்டர் கம்பிக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

“மாமா, நீங்க எப்டியும் குடிக்கப் போறதில்ல. மரத்துக்குத்தான ஊத்தப் போறீங்க. இத ஊத்துனா சாமி வேணாம்னா சொல்லப் போவுது? மாசம் ஒண்ணு எடுத்துக்குங்க, என் உத்தியோகம் பொழைக்கும்.”

வைத்திலிங்கத்துக்கு இரக்க சுபாவம். மாதம் ஒன்று எடுத்தார், எண்ணைக் கொடுத்தார். அப்படிப் பன்னிரண்டு அமாவாசை.

கடிதம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு கடலூருக்குப் பஸ் ஏறினார். மஞ்சக்குப்பத்தில் வாரிய அலுவலகம். வாசலில் ‘அளவே அழகு’ என்று இருபதடி நீளத்துக்கு எழுதியிருந்தது. உள்ளே கண்காணிப்பாளர் கலைமணி என்ற அம்மாள், டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது, நீங்க குடிக்கறதே இல்லன்றீங்க.”

“ஆமாம்மா.”

கலைமணி ஒரு பெரிய பதிவேட்டை இழுத்தார். “குடிக்கறதில்லன்னு சொல்றவங்களுக்குத் தனி ரெஜிஸ்டர் இருக்கு. எண்ணூத்தி நாப்பத்தி ஒண்ணாவது ஆள் நீங்க. இதுக்கு மேல இருக்கற எண்ணூத்தி நாப்பது பேரும் குடிக்கறவங்கதான்.”

“எனக்கு நெசமாவே பழக்கமில்லம்மா.”

“ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சார். ஆனா மூஞ்சிய எழுத இதுல எடம் இல்லியே.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒங்க கடுதாசியில கையெழுத்துப் போட்ட ஜேடி சாரப் புடிக்கறது கஷ்டம். விழாவுக்கு வாங்க. மேடையில ஒரு நிமிஷம் பேச வுடுவாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வாட்ச்மேனிடம் கெஞ்சி, பதினான்கு வருடமும் மெஷின் துப்பிய சீட்டுகளில் கரையான் தின்றதுபோக மிச்சமிருந்ததை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாக விழாவுக்குப் போனார் வைத்திலிங்கம்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாரிய ஊழியர்கள், ஊழியர்களின் குடும்பம், சாப்பாட்டுக்கு வந்தவர்கள். இணை இயக்குநர் செந்தமிழ்செல்வன் எழுந்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, பேச ஆரம்பித்தார்.

“சான்றோர்களே! மது தீமை என்று எல்லாக் குப்பியிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் பெரிய குப்பியில் அந்த எச்சரிக்கை ஒரே ஒரு தடவைதான் வரும். அதே அளவைச் சிறுகுப்பிகளாக வாங்கினால் நான்கு தடவை வரும். ஆக, குடிக்கக் குடிக்க விழிப்புணர்வு பெருகும்! இது எங்கள் வாரியம் உலகுக்கு அளித்த கொடை.” கைதட்டல். “ஒருவர் பத்துச் சிறுகுப்பி வாங்குகிறார் என்று வையுங்கள். அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லலாமா? கூடாது. அவர் பத்துத் தடவை பொறுப்பாக நடந்துகொண்டவர்.” மறுபடி கைதட்டல். “முந்திய ஆண்டு நம் மாவட்டத்தில் சிறுகுப்பி விற்பனை பூஜ்யம். இந்த ஆண்டு பன்னிரண்டு. பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டுக்கு வளர்ச்சி விகிதம் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னேன். கம்ப்யூட்டரே திகைத்து நின்றுவிட்டது!”

அந்தப் பன்னிரண்டும் தன்னுடையவைதான் என்பது வைத்திலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மாவட்டம் முழுவதிலும் இந்தப் பாட்டிலை வாங்கிய ஒரே பிராணி அவர்தான். போட்டிக்கு ஆளே இல்லாத பந்தயத்தில் ஓடாமலே ஜெயித்திருக்கிறார்.

பொன்னாடை விழுந்தது. கேடயம் வந்தது. மைக்கைக் கொடுத்தார்கள். வைத்திலிங்கத்துக்கு மேடை புதிது.

“ஐயா, நான் குடிக்கறதில்ல” என்றார்.

செந்தமிழ்செல்வன் கண் கலங்கிவிட்டார். மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டு, “பார்த்தீர்களா இந்த அடக்கத்தை!” என்றார்.

“அடக்கம் இல்லீங்க ஐயா, பழக்கமே இல்லீங்க. தெனம் மெஷின்ல ஊதறேன். இதோ சீட்டு.” பையைப் பிரித்து மேசையில் கொட்டினார். மின்விசிறிக் காற்றில் பாதி பறந்தது. இணை இயக்குநர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். கீழே குனிந்து மூன்றாவதையும் பொறுக்கிப் பார்த்தார்.

“பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்! குப்பி வாங்கிய மறுநாளும் பூஜ்யம்! அன்பர்களே, முதல் நாள் அருந்துகிறார். அடுத்த நாள் அவருடைய மூச்சுக்கே அந்தச் செய்தி தெரியவில்லை! பொறுப்பான அருந்துதலுக்கு இதைவிட அறிவியல் ஆதாரம் உண்டா? இந்தச் சீட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆணையிடுகிறேன்!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சீட்டுகளைத் திருப்பித் தரவில்லை. அவை இப்போது வாரியத்தின் சொத்து.

ஒரே வாரத்தில் பேனர் வந்தது. மதுக்கடைதான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. விழிப்புணர்வுப் பேனர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதியாம். அதனால் பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே, பொன்னாடையோடு வைத்திலிங்கம் பதினைந்தடி உயரத்துக்கு நின்றார். கும்பிட்ட கையைக் கம்ப்யூட்டரில் பிரித்து, ஒரு கையில் கிளாஸ் கொடுத்திருந்தார்கள்.

காலையில் பிள்ளைகளை இறக்கும்போது, இரண்டாம் நம்பர் வேன் ஓட்டும் சேக் பரீது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா மச்சான், ஒன்னப் போயி ஹஜ்ரத் மாரி நெனச்சிட்டு இருந்தனே. பதினஞ்சடியில நிக்கிறியே!”

“நீயும் ஆரம்பிக்காத பாய்.”

“சரி வுடு. ஆனா கிளாஸ ஏன் இடது கையில குடுத்தானுவ? அதான் எனக்குக் கோவம்.”

சிரித்துக்கொண்டே சொன்ன பரீதுதான், தாளாளர் கூப்பிடுகிறார் என்றதும் முகம் மாறி, வைத்திலிங்கத்தின் தோளைப் பிடித்து அழுத்தி அனுப்பினார்.

தேவசகாயம் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார். அப்படியும் இடுக்கு வழியே பேனர் உள்ளே எட்டிப்பார்த்தது.

“வைத்தி, ஒன்ன எனக்குத் தெரியாதா? நான் சந்தேகப்படல. ஆனா காலையிலேர்ந்து நாப்பது போன். ‘எங்க புள்ளைய ஓட்டிட்டு வர்றவரு மாவட்டத்துலயே பெரிய தண்ணி வண்டியாமே’ன்றாங்க. பெரிய இல்லம்மா, சிறந்தன்னு நானே திருத்த வேண்டியதாப் போச்சு.”

“சார், அது முனீஸ்வரனுக்கு...”

“தெரியும்ப்பா. நீ சொல்லியிருக்க. ஆனா எனக்கு ஒரு பேப்பர் வேணும். ஒனக்குப் பழக்கமில்லன்னு அந்த ஆபீஸ்லேர்ந்தே எழுதி வாங்கிட்டு வா. வர்ற திங்கக்கெழம கமிட்டி கூடுது. பேப்பர் இருந்தா வேன் ஒனக்கு. இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல.”

மறுபடி மஞ்சக்குப்பம். மறுபடி கலைமணி.

அருந்துநர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கப் பதினொன்றாம் எண் படிவம் இருந்தது. நீக்குவதற்கு மூன்று காரணங்கள் அச்சிட்டிருந்தன. ஒன்று, அருந்துநர் இறந்துவிட்டார். இரண்டு, அருந்துநர் இருபத்தெட்டு நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கிக் குணமடைந்துவிட்டார். மூன்று, வாங்கியவர் ஒருவர், அருந்தியவர் வேறொருவர்.

“மூணாவது போடுங்க. அதான நெசம்” என்றார் வைத்திலிங்கம்.

“போடலாம். அப்ப குடிச்சவரு வெவரம் வேணும். இறுதி நுகர்வோர்னு ஒரு பக்கம் இருக்கு பாருங்க. பேரு?”

“முனீஸ்வரன்.”

“அப்பா பேரு?”

வைத்திலிங்கம் யோசித்தார். “சிவன்னு சொல்வாங்க.”

“சரி. எந்த ஊரு?”

“புதுச்சத்திரம் தாண்டி, வளைவுல, புளியமரத்தடி.”

“ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுவாரா?”

“அவரு எடத்த வுட்டு எங்கயும் வரமாட்டாரும்மா.”

கலைமணி நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் அதை உதட்டுக்கு வரவிடவில்லை. “நடக்க முடியாதவங்கன்னா நாங்களே நேர்ல வரணும். வியாழக்கெழம வர்றேன்.”

வியாழக்கிழமை புளியமரத்தடிக்கு ஜீப் வந்தது. கலைமணி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்திருந்த கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார். பெண்ணுக்கு வரன் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததாம். திருநீறை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, அப்புறம் பேனாவைத் திறந்தார்.

“இறுதி நுகர்வோர் நேரில் காணப்பட்டார்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “கண்கள் செவந்துள்ளன. கையில் அருவா உள்ளது. கேள்விகளுக்குப் பதில் அளிக்கவில்லை.” நிமிர்ந்தார். “கைநாட்டு?”

வைத்திலிங்கம் தயங்கினார். பிறகு முனீஸ்வரனின் கல் கட்டைவிரலில் மையைத் தடவி, தாளை அதன்மேல் வைத்து அழுத்தினார். பதினான்கு வருடமாக அவர் கேட்டதும் கேட்காததும் செய்து கொடுத்த விரல். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

“அடுத்தது வயசு. இருவத்தொண்ணு முடிஞ்சிருக்கணும்.”

“இன்னாம்மா பேசறீங்க? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இருக்கறவரு!”

“நான் இல்லன்னா சொன்னன்? அதுக்கு ஒரு ஆதாரம் காட்டுங்க. ஆதாரு, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு, எதுனாச்சும்.”

எதுவும் இல்லை. கலைமணி மேடையைச் சுற்றி வந்தார். பின்பக்கம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு சலவைக்கல். புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். சிலையைப் புதுப்பித்துப் பிரதிஷ்டை செய்த தேதியும் உபயதாரர்கள் பெயரும் பொறித்திருந்தது. தேதியை எழுதிக்கொண்டு, விரல் விட்டு எண்ணினார்.

“நல்லவேள, இது கெடச்சுது. இல்லன்னா விண்ணப்பமே செல்லாது.”

வைத்திலிங்கத்துக்கு உயிர் வந்தது. ஜீப்புக்குள் ஏறும்போது கலைமணி, “சனிக்கெழம சான்றிதழ் ரெடியாயிடும். ஒங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு நானே டைப் பண்ணித் தர்றேன்” என்றார். அவர் சொன்னதைச் செய்பவர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சனிக்கிழமை ஒட்டிய உறையில் கொடுத்தார்கள். மேலே அரக்கு முத்திரை. ‘இரகசியம். தாளாளர் மட்டுமே பிரிக்கவும்.’ வைத்திலிங்கம் அதை ஞாயிறு முழுக்க சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, திங்கட்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்துப் போனார். பரீது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தங்கம்மாள் அன்று கேசரி செய்வதாகச் சொல்லியிருந்தாள்.

தேவசகாயம் முத்திரையை உடைத்தார். சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தார்.

“‘மேற்படி வைத்திலிங்கம் என்பவர் மது அருந்தும் பழக்கம் இல்லாதவர் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ அப்பாடா. நான் சொல்லல? ‘அவர் வாங்கிய மதுவை அவர் அருந்தவில்லை என்பது களவிசாரணையில் நிரூபணமாகியுள்ளது.’ நல்லா எழுதியிருக்காங்கப்பா.”

பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. அடுத்ததை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“‘மேற்படியார் கடந்த பன்னிரண்டு மாதங்களாக, மாதம் ஒரு முறை, பள்ளி வேன் செல்லும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக, பின்வரும் நபருக்கு மதுவும் சுருட்டும் நேரில் வழங்கி வந்துள்ளார். நபரின் பெயர்: தனியுரிமை கருதி மறைக்கப்பட்டுள்ளது. பாலினம்: ஆண். வயது, கிடைத்த ஒரே ஆவணத்தின்படி: பதினொன்று.’”

மின்விசிறிக் காற்றில் படபடத்த காகிதத்தைத் தேவசகாயம் மேசையில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

“சார், அது முனீஸ்வரன் சார்” என்றார் வைத்திலிங்கம்.

“எனக்குத் தெரியும்.”

“அந்தக் கல்லுல இருந்த தேதி சார், அது பிரதிஷ்ட பண்ண...”

“புரியுது வைத்தி. எனக்குப் புரியுது. அந்தம்மாவுக்கும் புரிஞ்சிருக்கும். ஆனா இதுல பதினோரு வயசுப் பையன்னு இருக்கு.” காகிதத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். “குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒரு காப்பி, போலீசுக்கு ஒரு காப்பி, எல்லாம் போயாச்சு. கமிட்டி முன்னாடி நான் இத வைக்காம மறைச்சா நான் உள்ள போவணும். ஆறாவது படிக்கற வயசு. நம்ம வேன்லயே ஆறாவது பசங்க ஒன்பது பேரு வர்றாங்க. யாருன்னு கேட்டா நான் என்னா சொல்றது?”

வைத்திலிங்கம் சலவைச் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து, மேசைமேல், அந்தக் காகிதத்தின்மேல், காற்றில் பறக்காதபடி வைத்தார்.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். குடி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்துவிடும் அந்த மனிதர், எழுந்திருக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னார்:

“பேசாம நீ குடிச்சிருக்கலாம், வைத்தி.”